ஏழாம் இலக்கப் போத்தல்

குருநகரில் பிறந்த ஆம்பிளைக்குக் கடல் ஒத்துவராது என்றால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனும் சரி, தகப்பனுக்குத் தகப்பனும் சரி, கண்ணை மூடிக்கொண்டு வள்ளம் ஓட்டியவர்கள். இந்த மனிதர் மட்டும் வள்ளத்தில் கால் வைத்ததும் முதல் நாள் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். சவேரியாருக்கு நேர்த்தி வைத்துப் பார்த்தார்கள். தேசிக்காயைக் கையில் கொடுத்து முகரச் சொன்னார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை. "உவன் கரைக்கெண்டு பிறந்தவன், விடுங்கோ" என்று தகப்பன் கடைசியில் கைகழுவிவிட்டார்.

கரையில் விடப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டாம் ஆண்டு பட்டினத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பியோன் வேலை கிடைத்தது. விலங்கியல் ஆய்வுகூடத்தைக் கூட்டுவது, தவளைத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது, மணி அடிப்பது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் வந்தது, தலை சுற்றவில்லை, மனிதர் சிவனே என்று இருந்தார். சிவனே என்று ஒரு கத்தோலிக்கர் இருக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தார்.

அந்த ஆய்வுகூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கூத்து நடக்கும். வாயில் ஊறுகிற நீர் மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அந்தச் சங்கதிதான். ஆனால் அந்த உமிழ்நீருக்குச் செல்லம் அதிகம். இருக்குமிடம் புளித்தாலும் பிடிக்காது, சுண்ணாம்புக் குணம் ஏறினாலும் பிடிக்காது. நடுவில் வைத்தால்தான் வேலை செய்யும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவே தாங்கற்கரைசல்கள் இருந்தன. மேலே கொஞ்சம் புளி விழுந்தாலென்ன, கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்தாலென்ன, தனக்கு விதித்த பீ.எச். இலக்கத்தை விட்டு அசையாத கரைசல் அது. ஐந்தாம் இலக்கப் போத்தல் புளிப்புப் பக்கம், ஏழாம் இலக்கம் நடு, ஒன்பதாம் இலக்கம் சுண்ணாம்புப் பக்கம். பார்வைக்கு மூன்றும் வெறும் தண்ணீர்தான்.

ஒவ்வொரு குழாயிலும் மாக்கரைசலையும் ஓர் இலக்கத் தாங்கற்கரைசலையும் விட்டு, அதற்குமேல் உமிழ்நீரைச் சேர்ப்பார்கள். பிறகு இருந்திருந்து ஒவ்வொரு துளி எடுத்து, வெள்ளைப் பீங்கானில் வைத்த அயடீன் பொட்டில் விடுவார்கள். மா மிச்சமிருந்தால் பொட்டு நீலக் கறுப்பாகும். மா முடிந்துவிட்டால் அயடீன் தன் மஞ்சளிலேயே கிடக்கும்.

இந்தக் கரைசல்களைக் கலப்பவர் ஆய்வுகூட உதவியாளர் ஆழ்வாப்பிள்ளை. அரியாலைக்காரர், சுத்த சைவம், எச்சில் என்றால் ஏழு தெரு தள்ளிப் போகிறவர். பாருங்கள், அப்படிப்பட்டவர் தலையில்தான் ஆண்டவன் துப்பல் பரிசோதனையைக் கட்டியிருந்தான்! குழாய்களை இடுக்கியால்தான் தூக்குவார். தூக்கிய இடுக்கியையும் கழுவுவார்.

முதல் வருடம், விலங்கியல் படிப்பித்த கனகாம்பிகை ரீச்சர் உமிழ்நீர் கேட்டபோது, வகுப்பு முழுக்க முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்ததே தவிர ஒருத்தியின் வாயிலும் ஈரம் இல்லை. உரும்பிராயிலிருந்து பஸ் ஏறி வருகிற ரீச்சருக்கு வெயில் ஏற்கனவே தலையில் ஏறியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் கூட்டுகிற தும்புத்தடியோடு நீக்கிலர் நின்றார்.

"நீக்கிலாப்பிள்ளை, நீங்கள் ஒருக்கால் துப்பித் தாங்கோ."

"இதுக்குள்ளையோ, ரீச்சர்? கண்ணாடிச் சாமானெல்லே!"

"பரவாயில்லை, துப்புங்கோ. புளியங்காயை நினைச்சுக்கொண்டு துப்புங்கோ."

நினைத்தார், துப்பினார். ஏழாம் இலக்கக் குழாயில் இரண்டு நிமிடத்துக்குள் மா முழுவதும் போய்விட்டது. மா சேர்க்க மறந்துவிட்டதாக்கும் என்று ரீச்சர் திரும்பவும் செய்தார். திரும்பவும் இரண்டு நிமிடந்தான். புத்தகத்தில் போட்டிருந்த நேரத்தில் அது பாதிகூட இல்லை.

"இந்தாளின்ரை வாய்க்குள்ளை என்ன, அடுப்போ எரியுது?" என்றார் ஆழ்வாப்பிள்ளை, இடுக்கியோடு ஓர் அடி பின்வாங்கி.

அன்று வீட்டுக்குப் போகும்போது நீக்கிலரின் சைக்கிள் தானாக ஓடியது. சிரிக்காதீர்கள். ஒரு மனிதர் பிறந்து வளர்ந்து முப்பது வயது தாண்டி, முதல்முதலாக ஒன்றில் முதலாவதாக வந்திருக்கிறார். அது துப்பலாக இருந்தால் என்ன, தூண்டிலாக இருந்தால் என்ன?

பிறகு வருடாவருடம் அவர்தான். பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போதே சுருட்டை விட்டுவிடுவார். தபசு காலத்தில் சுவாமியார் மன்றாடிக் கேட்டும் விடாத சுருட்டு அது. வெற்றிலை இல்லை, உறைப்பு இல்லை, காலையில் கூழ் மட்டும். தன் துப்பலின் சத்துக்குப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ்தான் காரணம் என்பது அவர் கட்சி. எந்தப் போத்தலில் தன் துப்பல் பாயும், எதில் படுக்கும் என்று மற்றவர்கள் மாட்டின் குணம் சொல்வதுபோலச் சொல்வார். "ஏழிலை குதிரை. ஒன்பதிலை நொண்டும். அஞ்சிலை விட்டியளோ, நித்திரைதான்." வீட்டில் மனைவி மக்டலீன் தலையில் அடித்துக்கொள்வாள். "ஊர் உலகத்திலை மனுசர் மீன் பிடிச்சுப் பேர் எடுக்கினம். இந்தாள் துப்பிப் பேர் எடுக்குது!"

அறுபத்தேழாம் ஆண்டு மகள் யோசப்பினுக்குச் சம்பந்தம் பேசிவந்தது. பாசையூரில் மரியரட்ணம் என்பவரின் மகன் வின்சன்ற். நல்ல பெடியன், குடி இல்லை, பேச்சுக் குறைவு. யோசப்பினும் அவனைத் திருநாளில் கண்டிருக்கிறாள், வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டாமென்று சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தாய்க்குத் தெரியும்.

தகப்பன் மரியரட்ணத்தார்தான் கொஞ்சம் பேர்வழி. சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்திருந்தார். மீசை வேறு. தோல்வி என்பது அந்த உடம்புக்கு ஒவ்வாது. ஒருமுறை திருநாள் வள்ள ஓட்டத்தில் தன் வள்ளம் இரண்டாவதாக வந்ததற்கு, அந்த வள்ளத்தையே விற்றுவிட்டு, வென்றவனோடு இன்றுவரை பேசாமல் இருக்கிறவர்.

எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில் ஒரு கதை கிளம்பியது. கல்லூரியில் படித்த பாசையூர்ப் பிள்ளை ஒருத்தி வீட்டில் பேச்சுவாக்கில், "எங்கடை நீக்கிலற்றை துப்பலைப் போத்திலிலை எடுத்துச் சோதிக்கிறவை" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு மனிதரின் துப்பலைப் போத்தலில் எடுத்துச் சோதிப்பதற்கு ஒரே ஒரு காரணந்தான் எல்லாருக்கும் தெரியும். சயரோகம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கதை மரியரட்ணத்தாரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நீக்கிலர் பாதி செத்துப்போயிருந்தார். சயம் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பான்?

மக்டலீனுக்குக் காதில் விழுந்ததும் கொதித்துவிட்டாள். "இஞ்சை பாருங்கோ, கலியாணம் முடியுமட்டும் துப்பல் எண்ட சொல்லு இந்த வீட்டிலை வரப்படாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுங்கோ. சோதினை வந்தால் வேறை ஆரும் துப்பட்டும்!"

லீவு போட்டார். மனம் கேட்கவில்லை, ஆனாலும் போட்டார். மகள் சாப்பிடாமல் மூலைக்குள் இருப்பதைக் கண்டு எந்தத் தகப்பனுக்குத்தான் மற்றதெல்லாம் பெரிதாகத் தெரியும்? பூசையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கரை சேர்த்துவிடும், வேறை ஒண்டும் கேக்கமாட்டன்" என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மரியரட்ணத்தார் மகனோடு வந்தார். மேசையில் கேக், வாழைப்பழம், சோடா. அவர் ஒன்றையும் தொடவில்லை. சால்வையைச் சரிசெய்தார், மீசையைத் தடவினார்.

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கப்படாது. உங்களுக்கு நெஞ்சிலை ஏதும் வருத்தம் இருக்கோ?"

"இல்லையே. ஏன்?"

"உங்கடை துப்பலைப் போத்திலிலை எடுத்துச் சோதிக்கினமாம். உண்மையோ பொய்யோ?"

நீக்கிலர் வாயைத் திறந்தார். திரைச்சேலைக்குப் பின்னால் நின்ற மக்டலீனின் கண்ணைக் கண்டார். வாயை மூடினார். துப்பல் என்ற சொல்லைச் சொல்லாமல் துப்பலுக்கு எப்படி விளக்கம் சொல்வது? வியர்வை வந்தது. அவசரத்தில் இருமல் வேறு வந்து தொலைத்தது. வின்சன்ற் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தான்.

சரியாக அந்த நேரத்தில் படலையில் சத்தம் கேட்டது. கனகாம்பிகை ரீச்சர் பிரம்புக் கூடையோடு வந்தார். பின்னால் ஆழ்வாப்பிள்ளை, எதிலும் முட்டாமல் கையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"நீக்கிலாப்பிள்ளை, நல்ல காலம், வீட்டிலை நிக்கிறியள்! கெதியா ஒருக்கால் துப்பித் தாங்கோ. போத்தில் கொண்டந்திருக்கிறன்!"

"மாதாவே!" என்றாள் மக்டலீன். உள்ளே யோசப்பின் விம்முவது கேட்டது. மரியரட்ணத்தார் எழும்பிச் சால்வையைத் தோளில் உதறிப் போட்டார்.

"இதுக்கு மேலை என்ன கதை? எழும்படா தம்பி."

ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நீக்கிலருக்கு மானம் போனது போகட்டும் என்று வந்துவிட்டது. "ரீச்சர், நான் சயக்காரன் எண்டு இவையள் நினைக்கினம். நீங்களே ஒருக்கால் சொல்லுங்கோ!" என்றார்.

ரீச்சர் கூடையைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பாடம் எடுத்தார் பாருங்கள், மரியரட்ணத்தார் தம்மை அறியாமல் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை சோதினை என்றார். இந்த முறை தாங்கற்கரைசல் புதிதாகக் கலந்தது, சரிதானா என்று பார்க்கவேண்டும், பத்து வருடமாக நேரக் கணக்கெல்லாம் நீக்கிலாப்பிள்ளையின் உமிழ்நீரை வைத்துத்தான், அது சுடச்சுட வேண்டும், அதனால்தான் வீடு தேடி வந்தேன் என்றார். "நெஞ்சுச் சளியில்லை ஐயா, வாய்த் தண்ணி! எல்லாற்றை வாயிலையும் இந்தச் சத்து இருக்குது. ஆனால் நீக்கிலாப்பிள்ளையின்ரை மாதிரிக் கெட்டித் துப்பல் நான் இந்த யாழ்ப்பாணத்திலை காணேல்லை."

கடைசி வசனத்தை ரீச்சர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"யாழ்ப்பாணத்திலையோ?" என்றார் மரியரட்ணத்தார். சயம் மறந்துபோயிற்று, சம்பந்தம் மறந்துபோயிற்று. "ஏன், பாசையூர் யாழ்ப்பாணத்திலை இல்லையோ? எங்கடை துப்பல் என்ன குறைவோ? கொண்டாங்கோ போத்திலை!"

வின்சன்ற், "அப்பு, விடுங்கோவன்" என்று மெல்லச் சொன்னான். யார் கேட்டார்கள்?

மரியரட்ணத்தார் கடலில் காறுகிறதுபோல ஒரு காறல் காறினார். ஆழ்வாப்பிள்ளை முற்றத்துக்கே பாய்ந்துவிட்டார். "காறப்படாது, ஊறவிட்டுத் துப்பவேணும்" என்று ரீச்சர் சொல்லிக்கொடுத்தார். புளியங்காய் நினைக்கச் சொன்னதற்கு, "நான் கருவாடு நினைக்கிறன்" என்று மரியரட்ணத்தார் சொல்லி, ஒரு சின்னப் போத்தலை நிரப்பிக் கொடுத்தார். நீக்கிலரும் தன் பங்குக்குத் துப்பினார். குழாய்களைத் தயார்செய்வது வழக்கம்போல நீக்கிலரின் வேலை. கூடையைத் திறந்தார்.

இரண்டு குழாய்களில் மாக்கரைசல். பக்கத்தில் தாங்கற்கரைசல் போத்தல்கள். கை வழக்கமாக ஏழாம் இலக்கத்துக்குப் போனது. பாதியில் நின்றது.

நான் வென்றால் என்ன ஆகும்? இந்த மனிதர் எழும்பிவிடுவார். சயத்தைக்கூட மன்னிப்பார், தோல்வியை மன்னிக்கமாட்டார். திரையின் ஓரத்தில் யோசப்பினின் ஒரு கண் தெரிந்தது, அழுது சிவந்திருந்தது. நீக்கிலர் பார்த்தார். முதுகைச் சபைப் பக்கம் திருப்பினார். ஏழாம் இலக்கத்தைச் சம்பந்தியின் குழாயில் ஊற்றினார். தன்னுடையதில் ஐந்தாம் இலக்கத்தை ஊற்றினார்.

ரீச்சர் கண்டுவிட்டார். அரைப் புள்ளி இரங்காத ரீச்சர் அவர். உதடு அசைந்தது.

"சரிதானே, ரீச்சர்?" என்றார் நீக்கிலர். கண் மட்டும் கெஞ்சியது.

ரீச்சர் யோசப்பினின் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஓம். சரி. நேரம் பாருங்கோ" என்றார். அவர் வாழ்நாளில் ஆய்வுகூட விஷயத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கேக் வைத்த பீங்கானைத் துடைத்து அயடீன் பொட்டு வைத்தார்கள். முதல் துளியில் இரண்டும் கறுத்தன. அடுத்த துளியிலும் கறுத்தன. மரியரட்ணத்தார் வள்ளத்து முன்னணியத்தில் நிற்கிறவர்போல மேசைமேல் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பொட்டு கபிலமானது, பிறகு மஞ்சளிலேயே நின்றது. நீக்கிலரின் பொட்டு கறுத்தது, திரும்பக் கறுத்தது, இன்னுமொரு தரமும் கறுத்தது.

"வெண்டாச்சு!" மேசையில் ஓங்கி அடித்தார், சோடாப் போத்தல் உருண்டது. "பாத்தியளோ ரீச்சர்! பாசையூர்!" எழும்பிவந்து நீக்கிலரைக் கட்டிப்பிடித்தார். "மனம் விடாதையுங்கோ சம்மந்தி. வயசு போகுதெல்லே, துப்பலும் தளரும். வாற ஞாயிறே சுவாமியாரிட்டைச் சொல்லிக் கோயிலிலை கலியாணப் பேர் வாசிப்பிப்பம், என்ன?"

இருவருக்கும் ஒரே வயது. "ஓம் சம்மந்தி, தளர்ந்துபோச்சு" என்றார் நீக்கிலர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி எடுத்ததுபோல வலித்தது. அது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை.

அவர்கள் கேக்கையும் தின்று, சோடாவையும் குடித்துப் போனபின் ரீச்சர் கேட்டார். "ஏன் அஞ்சாம் நம்பரிலை விட்டனியள்?"

"தோத்த மனுசன் ஓமெண்டு சொல்லிப் போட்டுப் போனதை எங்கையாவது கண்டியளோ, ரீச்சர்? வெண்டவன்தான் கட்டிப்பிடிப்பான்."

மக்டலீனுக்கு ஐந்தாம் இலக்கம், ஏழாம் இலக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் இதைக் கேட்டதும் ஏதோ விளங்கிவிட்டது. அன்று பின்னேரம் கூழில் பெரிய நண்டாகப் பார்த்து அவர் கோப்பையில் போட்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நீக்கிலர் நிம்மதியாகச் செத்திருப்பார். முடியவில்லையே! நீக்கிலர் லீவை முறித்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலை, கல்லூரி வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வையோடு மரியரட்ணத்தார் இறங்கினார். "வெண்டது நான். அப்ப சோதினைக்கும் என்ரை துப்பல்தானே?"

ரீச்சருக்குத் தர்மசங்கடம். பழைய நேரக் கணக்குப் பிழைத்தால் பிள்ளைகளின் கதி? நீக்கிலரைப் பார்த்தார். நீக்கிலர் உமிழ்நீர் எடுக்கிற கண்ணாடி முகவையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கையாலும் சம்பந்தியிடம் நீட்டினார். வாங்கிவந்து பரீட்சைக்கு முன் ஒருமுறை ஏழாம் இலக்கத்தில் ஒழுங்காக வைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் அந்தக் கூத்துக்குள் மணிக்கூட்டை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, இன்றைக்குப் பார்த்தார்கள்.

இரண்டு நிமிடத்துக்குள் மா முடிந்துவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். ரீச்சர் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். நீக்கிலர் அயடீன் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியென்றால்? நான் விட்டுக்கொடுத்தேனா, இல்லை விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லையா? ஏழில் விட்டிருந்தாலும் தோற்றிருப்பேனா?

சோதினை நன்றாக நடந்தது. கலியாணமும் நன்றாக நடந்தது. வின்சன்ற் தங்கமான மருமகன். யோசப்பின் பெற்றாள், பெருத்தாள், சிரித்தாள். வருடாவருடம் பரிசோதனை நாளில் வாடகைக் கார் வரும், பட்டுச் சால்வை இறங்கும், பிள்ளைகள் எழும்பி நின்று வணக்கம் சொல்வார்கள். முகவையை நீட்டுவது நீக்கிலர். பாசையூரில் மரியரட்ணத்தாரின் துப்பல் வள்ளத்தைவிடப் பெரிய பேச்சானது. ஞானஸ்நான வீடு, செத்தவீடு என்று பாராமல், சம்பந்தியை வென்ற கதையைச் சம்பந்தியை வைத்துக்கொண்டே சொல்வார். நீக்கிலர் தலையாட்டுவார். சுருட்டை மட்டும் திரும்ப ஆரம்பித்துவிட்டார், வருடம் முழுக்க.

எழுபத்தெட்டில், நீக்கிலர் ஓய்வுபெற ஒரு கிழமை இருக்கும்போது, பரிசோதனை முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். மரியரட்ணத்தாரின் உமிழ்நீர் முகவையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஏழாம் இலக்கப் போத்தலிலும் மிச்சம் இருந்தது. தலை நரைத்த கனகாம்பிகை ரீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீக்கிலாப்பிள்ளை, இப்ப ஒருத்தரும் இல்லை. இரண்டையும் ஏழிலை வைச்சு ஒருக்கால் பாப்பமே? உங்களுக்கு அறிய ஆசையில்லையோ?"

பதினொரு வருடமாக ஆய்வுகூடச் சாவி நீக்கிலரின் மடியில்தான் இருந்தது. போத்தல், குழாய், மா, அயடீன் எல்லாம் கைக்கெட்டிய இடத்தில்தான் இருந்தன. எந்த நாளும் பார்த்திருக்கலாம். நீக்கிலர் முகவையைக் கையில் எடுத்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வாயில் தானாக ஊறியது. விழுங்கினார்.

"பிள்ளை குடுத்த வீட்டோடை என்ன போட்டி, ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, முகவையைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.